கோள் சொன்னவள்

"நீதானே டாக்டர்கிட்ட போட்டுக் கொடுத்தே?"

வரவேற்பு மேசையில் இருந்தவள் நிமிரவில்லை. "ஆமாக்கா. நான்தான்."

கேட்டவளுடையது, அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஊசி பிடித்த கை. குத்தினால் வலியே தெரியாது என்பதால் அவளுக்கு 'எறும்புக்கடி அக்கா' என்றே பெயர். ஆறு மாதமாக அந்தக் கை நடுங்கியது. நேற்று ஒரு பெரியவருக்கு நான்கு தடவை குத்தியும் ரத்தம் வரவில்லை. அவர் முழங்கை முழுக்க நீலம்.

இனி ஊசியைத் தொடக் கூடாது என்று இன்று காலை உத்தரவு.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"மூணு தடவை சொன்னேன். வயசாச்சுன்னு சிரிச்சீங்க."

"கூடப் பிறந்தவ மாதிரி நினைச்சேன். நல்லா வச்சே ஆப்பு!"

டாக்டர் எறும்புக்கடி அக்காவை உட்கார வைத்து விசாரித்தார்.

"தூக்கத்துல கெண்டைக்கால் இழுக்குதா?"

"உயிர் போகுது டாக்டர்."

"வழக்கமா ஏதாவது மாத்திரை?"

"நெஞ்செரிச்சலுக்கு ஒண்ணு. எட்டு வருஷமா. கடையில நானே கேட்டு வாங்கிப்பேன்."

"மத்தியானச் சாப்பாடு?"

"கூட்டம் எங்கே ஓயுது? டீயும் பன்னும்தான்."

அவரே ரத்தம் எடுத்தார். மெக்னீசியம் அடிமட்டத்தில் இருந்தது.

"அந்த மாத்திரையை வருஷக்கணக்கா முழுங்கினா சிலருக்கு இது குறையும். கீரை, பயறு, கொட்டைன்னு சாப்பாட்டுலயும் ஒண்ணும் இல்லை. நரம்பு பாவம், எதை வச்சு அடங்கும்?"

ஊரார் ரத்தத்தையெல்லாம் பார்த்தவள்; தன் ரத்தத்தை ஒரு நாளும் பார்த்துக்கொண்டதில்லை.

நெஞ்செரிச்சலுக்கு டாக்டர் வேறு வைத்தியம் சொன்னார். சத்து மாத்திரை கொடுத்தார். அவள் பின்னறையில் குப்பிகளுக்கு லேபிள் ஒட்டினாள். மதியம் உட்கார்ந்து சாப்பிட்டாள். வரவேற்பு மேசையைக் கடக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உங்களுக்குப் போய் இப்படிப் பண்ணிட்டாளே, பாவி!" என்று மற்றவர்கள் வந்து வந்து ஆறுதல் சொன்னார்கள்.

இரண்டு மாதத்தில் கை அடங்கியது.

"என் கண்ணெதிரே ஒருத்தருக்கு ரத்தம் எடுத்துக் காட்டுங்க. சரியா வந்தா பழைய இடம். இல்லேன்னா லேபிள் வேலைதான்," என்றார் டாக்டர். "நோயாளிங்க வேண்டாம். நம்ம ஆளுங்க யாராவது வாங்க."

"எனக்கு ரத்தமே கம்மி," என்றார் மைக்ராஸ்கோப் பார்ப்பவர்.

"நான் வண்டி எடுக்கணும்," என்று டிரைவர் நழுவினார்.

ஆறுதல் சொன்ன வாய்கள் ஒவ்வொன்றாக வேலை தேடிக்கொண்டு போயின. நாற்காலி காலியாகக் கிடந்தது. அவளுக்குக் கண் நிறைந்தது.

யாரோ வந்து உட்கார்ந்து, சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கையை நீட்டினார்கள். நிமிர்ந்து பார்த்தாள். போட்டுக் கொடுத்தவள்.

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அவள் சொன்னாள்: "ஊசின்னாலே எனக்கு மயக்கம் வந்துடும். சீக்கிரம் எடுங்கக்கா."