நேர்த்திக் காசு

"காசு கட்டினனீங்களோ?" என்று கோசலா கேட்டதும் வாகீசனின் முகம் வெளிறியது.

குறிகாட்டுவானில் இருந்து நயினாதீவுக்குப் போகும் படகு அப்போதுதான் துறையை விட்டு விலகியிருந்தது. கணவனுக்குப் பக்கத்தில் இருந்த கோசலா, கையில் பிடித்திருந்த கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தாள். கனடாவில் இரவு விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் கிரிக்கெட் ஆட்டம் அதில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே அவர்களுடைய ஒரே மகன் தேனுஜன் பந்து வீசிக்கொண்டிருந்தான்.

"ஓம்... கட்டினனான்தான்." வாகீசன் குரலை இறக்கினார். "உமக்கு ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லுறது? நான்தானே கட்டச் சொன்னனான். எங்க, காட்டுங்கோ பாப்பம்."

"இஞ்ச வைச்சுக் காட்டேலாது. பிளேன் ஏற முதல் எயார்போட்டில கட்டினது. எங்கட மாகாணத்துக்குள்ள நிண்டாத்தான் அந்த அப் திறக்கும்."

கோசலா மெல்லத் தலையைத் திருப்பினாள். அவள் கேட்டது நேர்த்திக் காசை. மகனுக்காக மஞ்சள் துணியில் ஒரு நாணயத்தைக் கட்டி நாகபூசணி அம்மனுக்கு வைக்க வேண்டும். கட்டுங்கோ என்று துறையிலேயே அவரிடம் துணியைக் கொடுத்திருந்தாள். துணி கட்டப்படாமல் அவருடைய சேட்டுப் பையில் நீட்டிக்கொண்டிருந்தது.

"எந்த அப்?"

வாகீசனுக்கு அப்போதுதான் விளங்கியது. ஆனால், வாய் தவறிய பிறகு என்ன செய்ய?

கனடாவில் அவர்கள் இருக்கும் மாகாணத்தில் கைப்பேசிச் செயலி வழியாகப் பந்தயம் கட்டுவதற்கு அண்மையில்தான் சட்டம் இடம் கொடுத்திருந்தது. பஸ் தரிப்பிடத்தில், தொலைக்காட்சியில், எங்கு பார்த்தாலும் அதன் விளம்பரம்தான். அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன் என்று வாகீசன் மகனின் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார்.

"ஒளிச்சுச் செய்யேல்லை, கோசலா. இப்ப சட்டம் விட்டிருக்குத்தானே?"

"சட்டம் விட்டா? நான் விட்டனானோ?" அவள் திரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "இந்த மாச்சுக்கோ கட்டினனீங்கள்?"

"ஓம்."

"எந்தப் பக்கம்?"

வாகீசன் கடலைப் பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்கிறன். எந்தப் பக்கம்?"

"மற்றப் பக்கம்."

இன்றைய ஆட்டத்தை வைத்துத்தான் தேசிய அணிக்கு ஆள் எடுப்பார்கள் என்று தேனுஜன் சொல்லியிருந்தான். 'நீங்கள் வந்து பாத்தா எனக்குக் கை நடுங்கும், அம்மாளிட்டப் போங்கோ' என்று அவன்தான் இருவரையும் அனுப்பி வைத்தவன்.

"பெத்த பிள்ளை தோக்கவேணுமெண்டு காசு கட்டின தேப்பனை எங்கயாவது கண்டிருக்கோ?" அவளுடைய குரல் உடைந்தது.

எதிரே பூமாலைக் கூடையோடு இருந்த, புங்குடுதீவில் இருந்து வந்த ஒரு அம்மா பாதிதான் கேட்டிருக்க வேண்டும். "பிள்ளைக்காகக் காசு கட்டினவரோ? அவரைப் பேசாதையும் தங்கச்சி. அம்மாள் கைவிடமாட்டா."

"இவர் கட்டின கட்டு அம்மாளுக்கே அடுக்காது, அக்கா!" கோசலா கணவன் பக்கம் திரும்பினாள். "குதிரைக்குக் கட்டி என்ர சங்கிலி போச்சு. கூட்டாளிமாரோட ஹொக்கிக்குக் கட்டிக் கார் போச்சு. ஒருநாள், ஒரேயொருநாள் வெண்டிருப்பியளோ? இப்ப பிள்ளையிலயும் கை வைச்சிட்டியள்."

வாகீசன் துணியை எடுத்து விரல்களுக்கிடையில் முறுக்கிக்கொண்டிருந்தார்.

திரையில் கடைசி ஓவர். தேனுஜனிடம் பந்தைக் கொடுத்திருந்தார்கள். ஒரு பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது. கோசலா கண்ணை மூடித் திறந்தாள். இன்னும் ஒரே ஒரு பந்து, எதிரணிக்கு இரண்டு ஓட்டம் வேண்டும்.

தேனுஜன் ஓடிவந்தான். கை மேலெழுந்தது. படம் அப்படியே நின்றுவிட்டது.

"ஐயோ, சிக்னல் போச்சு!"

"இஞ்ச தாரும், நான் ஒருக்காப் பாக்கிறன்."

"தொடாதேங்கோ! பிள்ளை தோக்கிறதைப் பாக்க அவ்வளவு அவசரமோ?"

அவள் கைப்பேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். படகு ஒருமுறை தூக்கிப் போட்டது. பூக்கூடை சரிந்து அவள் காலடியில் கொட்டியது. வாகீசனின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. யாருக்காக இந்த மனுசன் கும்பிடுகிறார் என்று நினைத்து அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கோயில் கோபுரம் கிட்ட வந்தது. படகு வேகம் குறைந்து துறையில் முட்டியபோது படம் மறுபடி அசைந்தது. விக்கெட் குச்சி ஒன்று தரையில் கிடந்தது. தேனுஜனைத் தோளில் தூக்கிவைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"வெண்டிட்டாங்கள்! என்ர பிள்ளை வெண்டிட்டான்!" கோசலா கோபுரத்தை நோக்கிக் கையெடுத்தாள். பிறகு, கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமலே கணவனிடம் திரும்பினாள். "பாத்தியளோ? உங்கட காசு முழுக்கப் போச்சு. நல்லா வேணும்."

வாகீசன் அழுதுகொண்டிருந்தார். அழுகையோடு சிரிக்கவும் செய்தார்.

"என்ன சிரிப்பு? காசு போச்சு எண்டுறன், விளங்கேல்லையோ?"

அவர் பையைத் துழாவி ஒரு நாணயத்தை எடுத்தார். அதை மஞ்சள் துணியில் வைத்து இறுக்கிக் கட்டி அவளுடைய உள்ளங்கையில் வைத்தார்.

"நான் கட்டின பக்கம் எண்டைக்கு வெண்டது, கோசலா?"