மூன்று தட்டு

அம்புறோஸ் மூன்று வருடமாகத் தட்டி நிமிர்த்திய பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கப் பார்க்க, கொழும்பிலிருந்து றொகான் உப்புக்குளத்துக்கு வந்திருந்தார். நெளிவுகளைப் பட்டி பூசி மறைத்திருக்கிறதா என்று விரல் மொளியால் கார் முழுக்கத் தட்டிப் பார்த்தார்.

“ஒரு சொட்டுப் பட்டி இல்லை சேர். முழுக்கத் தகரம்,” என்றான் அம்புறோஸ். இது விலைப்பட்டால் சொந்தக் கராஜ் போடலாம். இன்னொருத்தனிடம் கூலிக்குக் குனியத் தேவையில்லை.

றொகான் பின்பக்கத்தில் தட்டினார். உள்ளேயிருந்து மூன்று தட்டுக் கேட்டது.

“எலி குடியிருக்குதோ அண்ணை?” என்று சிரித்தார்.

 அது டிக்கி இல்லாத கார். பின்பக்கத்தை இரண்டு மாதத்துக்கு முன் அம்புறோசே ஒரு வழியும் விடாமல் வெல்டிங்கில் ஒட்டி மூடியிருந்தான். அதுவரை அவன் வெளியே சுத்தியலால் அடிக்க, உள்ளே ஒடுங்கிக் கிடந்து இரும்புக்கட்டை தாங்கியவள் மனைவி கிறேஸ். ‘நிப்பாட்டுங்கோ, வெளியில வரப்போறன்’ என்பதற்கு மூன்று தட்டு. இருவருக்கும் மட்டும் தெரிந்த பாஷை அது.

கிறேஸ் தேத்தண்ணியோடு பக்கத்தில் நின்றாள்.

மறுபடி மூன்று தட்டு.

“தள்ளி நில்லுங்கோ சேர்.” அம்புறோஸ் கிரைண்டரைத் தூக்கினான்.

கிறேஸ் அவன் கையை மெல்லப் பிடித்தாள்.

“வெட்டாதேங்கோ. காரை மூடினபடியே இவரோட அனுப்பிவிடுங்கோ.”