ஹெட்போன் வேண்டாம்

"இடுப்பளவு என்னங்க?" என்று கடைக்காரம்மா கேட்டது இவளிடம். பதில் சொன்னது இவள் புருஷன்.

"நாப்பது. எதுக்கும் ஒரு சைஸ் பெருசாவே குடுங்க, அவளுக்கு இறுக்கக் கூடாது."

இவளுக்குச் சுருக்கென்றது.

கல்யாணமான இத்தனை வருஷத்தில் இவளுடைய செருப்பு அளவை அவன் ஒரு தடவைகூடச் சரியாகச் சொன்னதில்லை. இவள் தங்கையின் இடுப்பளவு மட்டும் நாக்கு நுனியில் நிற்கிறது.

மியூசிக் பிளேயரைச் செருகிக்கொள்கிற துணி பெல்ட் அது. தங்கைக்கென்று போன வாரமே பிளேயரை வாங்கியாகிவிட்டது. தீப்பெட்டி அளவுதான் இருக்கும்; சத்தம் எவ்வளவு என்று அதன் சின்னத் திரையில் கோடு கோடாகத் தெரியும். அதற்கு வேண்டிய மற்ற சாமான்களுக்காகத்தான் வேலை முடிந்ததும் இரண்டு பேரும் நேராக இங்கே வந்திருந்தார்கள்.

அவன் பெல்ட்டை எடுத்துத் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தான். துணி உறுத்துகிறதா என்று பார்க்கிறானாம்.

இவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தங்கை இவர்கள் வீட்டுக்கு வந்து மாதக்கணக்காகிறது. வரச்சொல்லிக் கெஞ்சியது இவளேதான். அதனால் யாரிடமும் சொல்லி ஆற்றிக்கொள்ளவும் வழியில்லை.

மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று, கால் கடுத்துப்போய் வீடு திரும்புகிறவள் இவள். அவனோ வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அவ சாப்பிட்டாளா?" என்றுதான் உள்ளே வருவான். காற்று வருகிற அறை அவளுக்கு. சத்தம் போடாத மின்விசிறி அவளுக்கு. அவள் காரில் ஏறினால், கண்ணாடிச் சாமான் ஏற்றிக்கொண்டு போகிறவன் மாதிரி உருட்டுவான். இவள் மட்டும் ஏறினால் பள்ளமும் மேடும் அவன் கண்ணுக்கே படாது.

போதாக்குறைக்கு அவள் பாடுவாள்.

தலை வாரும்போது, துணி மடிக்கும்போது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வாய் ஓயாது. நல்ல குரல் வேறு. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வீட்டுக்கு வந்தவர்கள் பாடச் சொன்னது அவளை. காபி கொண்டுவரச் சொன்னது இவளை.

கடைக்காரம்மா மேசை முழுக்கப் பரப்பிவிட்டாள். ஓடுகிறவர்கள் கையில் கட்டிக்கொள்ளும் பட்டை, கல் பதித்த உறை, இருட்டில் மினுக்குகிற வயர். இவள் எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளினாள். படுத்தபடி எட்டுகிற நீள வயர் ஒன்றை எடுத்து, இழுத்துப் பார்த்து வைத்துக்கொண்டாள். கை தவறிக் கீழே விழுந்தாலும் தாங்குகிற ரப்பர் உறை. அவ்வளவுதான். உபயோகமில்லாத எதற்கும் இவள் கை நீளவில்லை.

அவன் பெரிய ஹெட்போன் ஒன்றைத் தூக்கிப் பிடித்தான். காதை முழுக்க மூடுகிற ரகம், மெத்தை வைத்தது.

"இதையும் எடுத்துக்கலாமே. பாவம், அவளுக்கும் பொழுது போகும்."

"ஹெட்போன் வேண்டாம். ஸ்பீக்கர் போதும். தட்டையா, சின்னதா, ரெண்டு."

கடைக்காரம்மா குழம்பினாள். "காதுல மாட்டாம எப்படிம்மா கேப்பாங்க?"

"அவ கேக்க வேண்டியதில்ல."

வெடுக்கென்று வந்துவிட்டது. அவன் ஹெட்போனை இருந்த இடத்திலேயே வைத்தான்.

வீட்டில் தங்கை சோபாவில் காலை நீட்டிச் சாய்ந்தபடி ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் நிறுத்தினாள். இப்போதெல்லாம் இவளைக் கண்டால் நிறுத்திவிடுகிறாள்.

இவள் தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்து, பெல்ட்டைத் தங்கையின் வயிற்றைச் சுற்றிக் கட்டினாள். ஏழு மாத வயிறு. தட்டை ஸ்பீக்கர்களை பெல்ட்டின் மடிப்புக்குள் பக்கத்துக்கு ஒன்றாகச் செருகினாள்.

உள்ளே இருப்பது இவளுடைய பிள்ளை.

இவள் வயிற்றில் உண்டானது ஒவ்வொன்றும் தங்காமல் போன பிறகு, இவளுக்கும் இவள் புருஷனுக்கும் உருவான கருவை டாக்டர் தங்கையின் வயிற்றில் வைத்தார். தங்கை தன் பையனைப் புருஷனிடம் விட்டுவிட்டு, அக்காவுக்காக வந்து தங்கியிருக்கிறாள். ஒவ்வொரு பரிசோதனையின்போதும் நர்ஸ் டேப் வைத்து அளந்து சொல்லும் எண்ணை அவன் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி மனப்பாடம் செய்துகொண்டு வருவான்.

பிளேயரில் இருப்பது எல்லாம் இவள் பாடியவை. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, யாருமில்லாத நேரத்தில் பாடிப் பதிவு செய்தவை. சுருதி சேராது. சேராவிட்டால் என்ன? பிறந்து வருகிற பிள்ளை, பாடத் தெரிந்தவள் குரலைத் தேடிக்கொண்டு திரும்பினால் இவள் எங்கே போவாள்?

பெல்ட்டின் கொக்கியை மாட்டிவிட்டுப் பட்டனில் விரலை வைத்தாள்.

"சத்தத்தைக் கொஞ்சம் கம்மியா வை அக்கா," என்றாள் தங்கை.

பிறகு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "இன்னும் ரெண்டு மாசந்தான். அப்புறம் உன் குரல மட்டுந்தானே கேக்கப் போகுது."

அவளுடைய இரண்டு கைகளும் வயிற்றை அணைத்துக்கொண்டிருந்தன.

இவள் அந்தக் கைகளைப் பார்த்தாள்.

பிறகு பட்டனை அழுத்தினாள். தங்கை கேட்டபடி சத்தத்தைக் குறைக்கவும் செய்தாள்.

ஒரே ஒரு கோடு.