ஆறிய காயம்

உப்பளத்தில் நடந்து நடந்து பேச்சிமுத்துவின் குதிகாலில் வந்த புண் நான்கு வருடமாக ஆறவேயில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் மின்கட்டுப் போட்டார்கள். புண்ணுக்குள் கிருமிகள் பின்னிவைத்திருக்கும் படலத்தை அது மெல்லிய மின்சாரத்தால் கரைக்கும். கட்டுப் போட்ட பத்தாம் நாள், உப்பு வாரிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். எழவேயில்லை.

மறுநாள் குளிர்பெட்டியிலிருந்து உடலை எடுத்துக் குளிப்பாட்டும்போது, கட்டைப் பிரிக்கப் போன மனைவி இசக்கியம்மாள் கையை உதறினாள். அந்தப் பாதம் சூடாக இருந்தது. பதறிப்போய், கட்டுப் போட்ட நர்சுக்குப் போன் செய்தாள்.

"அவர் போயிட்டாரும்மா. கட்டு மட்டுந்தான் இன்னும் வேலை பாக்குது. கழட்டிருங்க," என்றாள் நர்சு.

இசக்கியம்மாள் கட்டின் ஓரத்தை மெல்லத் தூக்கினாள். உடம்பெல்லாம் கறுத்துக்கொண்டு வர, குதிகாலில் மட்டும் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் மூடியிருந்தது. விரலால் தொட்டாள். கூச்சப்பட்டதைப் போலப் பெருவிரல் மடங்கி நிமிர்ந்தது.

"நேரமாவுது மதினி, தூக்கணும்," என்று வாசலிலிருந்து கொழுந்தன் குரல் கொடுத்தான்.

அவள் கட்டை மறுபடி அழுத்தி ஒட்டிவிட்டு, அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"இது இப்பதான்யா கொணமாயிருக்கு," என்றாள். "இத எப்படி எரிக்கச் சொல்லுவேன்?"