நாலாவது சோதனை

"துறைமுகம், கைரேடியோ சோதனை. நான் பேசுறது கேக்குதா?"

காலையிலிருந்து இது நாலாவது தடவை. துறைமுக ரேடியோ அறையில் இருந்த அலுவலருக்குக் காது புளித்துவிட்டது. உல்லாசப் படகில் ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு எல்லாமே விளையாட்டு.

"நல்லா கேக்குது சார். இது ஆபத்துல கூப்பிடுற சேனல். சும்மா கூப்பிட்டு உயிரை வாங்காதீங்க. இப்ப எங்க இருக்கீங்க?"

"முனைப்பாறைகிட்ட."

"அவ்வளவு தூரத்துலேர்ந்தே கணீர்னு கேக்குது. உங்க ரேடியோல ஒரு குறையும் இல்ல. போதுமா?"

சொல்லிவிட்டு, வால்யூமைக் குறைக்கக் குமிழில் கை வைத்தார்.

"போதும் சார். போன வருஷம் என் தம்பி இங்கதான் படகோட முழுகிப்போனான். இருபது நிமிஷம் கூப்பிட்டும் பதிலே வரலைன்னு, தப்பிச்சு வந்த அவன் பொண்டாட்டி சொன்னா. ரேடியோ பழுதுன்னு உங்க ஆபீஸ்ல எழுதிக் கொடுத்தாங்க. அவ கையோட கொண்டு வந்த அந்த ரேடியோதான் சார் இது."

எழுதிக் கொடுத்தவர் இவர்தான். படகு முழுகிய அன்று மதியமும் இப்படிச் சோதனைத் தொல்லை தாங்காமல்தான் வால்யூமைக் குறைத்து வைத்திருந்தார்.

குமிழிலிருந்து விரலை எடுக்கக்கூட அவருக்குக் கூசியது.

"சார், நான் பேசுறது கேக்குதா?"