வாக்கெடுப்பு மணி

ஜூலையில் குளிர்காலம் வரும் தென்கோடி நாடொன்றின் நாடாளுமன்றத்தில், ஒரு சின்ன அறையில், குளிருக்குச் சோர்ந்த வெயில் மேசைமேல் படுத்துக் கிடக்கிறது. தேங்காய்த்தூள் புரட்டிய லாமிங்டன் கேக்குகளுக்குப் பக்கத்தில் ஒரு கேடயம். அதில் டெஸ்ஸாவின் பெயர். இங்கே உறுப்பினர் மால்கமிடம் பயிற்சிக்கு வந்த பல்கலைக்கழக மாணவி அவள். ஒரு சாயங்காலம் ஊருக்குத் திரும்பும்போது, கேட்டும் மணியும் இல்லாத லெவல் கிராசிங்கில் ரயில் மோதிப் போய்விட்டாள், கண்ணுகளா. ஆறு வருடமாக, நல்ல அறிக்கை எழுதும் பயிற்சி மாணவருக்கு அவள் பெயரில் பரிசு. கொடுப்பது அவள் அம்மா கிளெனிஸ். இந்த வருடம் ஜெயித்த எலெனி எழுதியிருப்பதே அந்த லெவல் கிராசிங்கைப் பற்றித்தான். அந்த அறிக்கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மால்கம் புகைப்படத்துக்காகச் சிரிக்கிறார்.

"பிரமாதமா எழுதியிருக்கம்மா!"

"படிச்சீங்களா, இல்ல பிடிச்சுக்கிட்டு நிக்கிறதோட சரியா?" என்கிறாள் கிளெனிஸ். "அங்க கேட் எப்ப வரும்? அத மட்டும் சொல்லுங்க மால்கம்."

அவர் வாயைத் திறக்கிறார். வாக்கெடுப்பு மணி அலறுகிறது. நான்கு நிமிடத்தில் அவைக் கதவை அடைத்துவிடுவார்கள்.

"போயிட்டு வந்து பேசறேன் கிளெனிஸ்!" அறிக்கையைக் கேக்குத் தட்டின்மேல் வைத்துவிட்டு ஓடுகிறார்.

"போன வருஷமும் இப்படித்தான் ஓடினாரு."

எலெனி அறிக்கையில் ஒட்டிய தேங்காய்த்தூளைத் தட்டுகிறாள். சுவரில் சிவப்பு விளக்கு மின்னி மின்னி அணைகிறது. கிளெனிஸ் அதையே பார்க்கிறாள்.

"இவங்க ஓட்டுப் போட ஓடறதுக்கு அறைக்கு அறை மணியும் விளக்கும் வச்சிருக்காங்க, பாரு. அங்க ஒண்ணே ஒண்ணு அடிச்சிருந்தா, எம்பொண்ணு நின்னிருப்பாளே."