கலயம் வராத வீடு

உதவி கேட்டுப் போட்ட காணொளிக்கு லைக் மலைபோல் குவிந்தது. சிறுமி யாழினியின் இதய அறுவைச் சிகிச்சைக்குத் தேவையான தொகையோ குன்றிமணி அளவும் ஏறவில்லை!

"பெரிய வீடெல்லாம் பூட்டிக் கெடக்கு. இனி யார்கிட்டப் போறது?" சோர்ந்தான் காணொளி போட்ட பிரசாந்த்.

"அடுப்பெரியிற வீட்டுக்குப் போவோம்," நிமிர்ந்தாள் அவனோடு நிதி திரட்டிய சிவரஞ்சனி. "நம்ம பள்ளிக்கூடமே அந்தக் காலத்துல பிடியரிசியில எழும்புனதுதானே? சோறாக்கும்போது தெனம் ஒரு பிடி கலயத்துல போடச் சொல்லுவோம். மாசக் கடைசியில ஏலம் விட்ருவோம்."

கலயங்கள் தெருத்தெருவாய்ப் புறப்பட்டன. கொடுக்க வக்கற்றவை என்று ஊர் ஒதுக்கிய குடிசைகளும் கொடுத்தன! மாத முடிவில் நூலக வாசலில் மூட்டைகள் எழுந்து நின்றன. ஏலம் கேட்க வியாபாரிகள் முண்டியடித்தார்கள்.

அப்போது கையில் தூக்குவாளியோடு கூட்டத்தைப் பிளந்து வந்தாள் செங்கமலம்.

"நிறுத்துங்க ஏலத்த! எல்லா வீட்டுக்கும் கலயம் வந்துச்சு. எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் வரல? நாங்க இந்த ஊரு இல்லையா? எங்க வீட்டுல அடுப்பெரியலையா?"

பிரசாந்த் தடுமாறினான். "இல்லக்கா... ஒங்ககிட்டப் போயி எப்புடிக் கேக்குறதுன்னு..."

"ஏன், நான் போட்டா அரிசி வேகாதா?"

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. ஒங்க கஷ்டம் தெரிஞ்சுதான் விட்டோம்."

"கஷ்டம் இருந்தா கை இருக்காதா? நீங்க கேக்கலைன்னாலும் நான் தெனம் எடுத்து வச்சேன்!" தூக்குவாளியைத் திறந்தாள். விளிம்புவரை அரிசி.

"யாழினி உசுருக்கு ஊரே பிடி போடுது. அவளப் பெத்தவ பிடி மட்டும் வேணாமா?"

முதல் ஏலம் அந்தத் தூக்குவாளிக்கே கேட்கப்பட்டது!